அடிப்பக்கம்

"கலரெல்லாம் அப்புறம் பாக்கலாம். முதல்ல திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டுங்க."

விற்பனைக்காரர் கையிலிருந்த நீல ஷூவைத் திருப்பினார். மகள் அதன்மேல் உள்ளங்கையை வைத்து இழுத்தாள். வழுக்கிக்கொண்டு போனது.

"இது வீட்டுக் கூடத்துல நடக்கறதுக்கு. நான் கேட்டது மலைக்கு. மழை பெஞ்சா சேறு, வெயில் அடிச்சா சரளைக்கல், நடுவுல பாசி பிடிச்ச பாறை. தினமும் ஏறி இறங்கணும்."

"உங்களுக்கா மேடம்?"

"அப்பாவுக்கு."

அப்பா குட்டை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ரப்பர் செருப்பைக் கழற்றி, யாரும் மிதித்துவிடக் கூடாதென்று சுவரோரமாக வைத்திருந்தார்.

"நடைப்பயிற்சியா ஐயா?"

"வேலைக்குப்பா. மலை மேல தண்ணித்தொட்டி இருக்கில்ல, அதோட வால்வை நான்தான் திறக்கணும். ஒருநாள் நான் இழுத்துப் போத்திப் படுத்தேன்னு வை, ஊரே குளிக்காம ஆபீஸ் போகும்."

விற்பனைக்காரர் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

"முப்பத்திரண்டு வருஷம் இதே ரப்பர் செருப்பு. ஆபீஸுக்குள்ள ஃபைல் தூக்கறவங்களுக்கு ஷூ குடுத்தாங்க. மலை ஏறுற மனுஷனுக்குக் குடுக்கணும்னு எவனுக்கும் தோணல."

"இவ இப்படித்தான் தம்பி," என்றார் அப்பா. "எங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச மொத ஆளு. ஊரோட சண்டை போடத்தான் ஃபீஸ் கட்டினேன் போலிருக்கு."

மகளின் போன் அடித்தது. அண்ணன். அவள் ஷூ அலமாரிக்குப் பின்னால் போய் நின்று பேசினாள்.

"இந்த வயசுல அவருக்கு மலை தேவையா?" என்றான் அண்ணன். " போன வாரம் பட்டது போதாதா? வாசல் கதவைப் பூட்டி சாவியைக் கையில வெச்சுக்கோ. வேலை முடிஞ்சது."

"பூட்டலாம். ஒரே மாசத்துல படுத்த படுக்கையாயிடுவாரு. அப்ப பக்கத்துல உக்காந்து பாத்துக்க நீ வரியா?"

"நல்ல ஷூ போட்டா மட்டும் எல்லாம் சரியாயிடுமா?"

"எனக்கு ஒரு மாசம் குடு. சரிப்படலேன்னா நானே பூட்டிடறேன்."

திரும்பி வந்தபோது அடுத்த ஜோடி தயாராக இருந்தது. அவள் அடியிலிருந்த ரப்பர் பற்களில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினாள்.

"நகம் பதியுது. பாறையில ரெண்டு மாசத்துல மொழுக்குனு தேஞ்சுடும். வேற."

மூன்றாவது ஜோடி மேல் தட்டிலிருந்து தூசியோடு இறங்கியது. அழுத்தமான ரப்பர். பற்கள் ஆழமாக, சேறு அடைத்துக்கொள்ளாதபடி தள்ளித் தள்ளி இருந்தன. முன்பாதியில் அம்பு முனை போல முன்னோக்கி, குதிகாலில் அதே முனை பின்னோக்கி.

"முன்னாடி இருக்கறது ஏறும்போது பிடிக்கும். பின்னாடி இருக்கறது இறங்கும்போது பிரேக்," என்றார் விற்பனைக்காரர்.

அப்பா போட்டுக்கொண்டார். நுனியில் அரை அங்குலம் இடம் இருக்கிறதா என்று மகள் அழுத்திப் பார்த்தாள். இல்லையென்றால் இறக்கத்தில் நகம் கறுத்துப் போகும். கடையில் சாய்த்து வைத்திருந்த பலகையில் அப்பா ஏறினார், இறங்கினார், பாதியில் நின்றார். கால் நகரவில்லை.

"தம்பி, இது ஷூவா, டிராக்டர் சக்கரமா? விலை என்னப்பா?"

விற்பனைக்காரர் சொன்னார். அப்பா இன்னொரு தடவை ஏறி இறங்கினார்.

"விலை என்னப்பா?"

"எத்தனை தடவை கேட்டாலும் குறையாது ஐயா," என்று விற்பனைக்காரர் கண்ணடித்தார்.

மகள் ஷூவின் அடியை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள்: "இதே மாடல் எத்தனை ஜோடி வித்திருக்கீங்க?"

"ஏகப்பட்டது மேடம். இதுதான் இப்ப சக்கைப்போடு போடுது. உங்க ஏரியாவுலயே பத்து பேராவது போட்டுக்கிட்டுத் திரியறாங்க."

"அப்ப வேண்டாம்."

விற்பனைக்காரர் முகம் சுருங்கியது. இருபது வருஷமாக இதே பொய்யைச் சொல்லித்தான் கடையில் பாதிச் சரக்கை விற்றிருக்கிறார். முதல்முறையாக அது காலை வாரிவிட்டது. அவள் பையைத் தோளில் மாட்டுவதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"உண்மையைச் சொல்லிடறேன் மேடம். வந்து ஒரு வருஷமாச்சு. ஒண்ணுகூடப் போகல. அடி ரொம்பக் கரடுமுரடா இருக்குன்னு எல்லாரும் திருப்பி வெச்சுடறாங்க. இனிமே வரவும் வராது."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. பில் போடுங்க. கால்லயே இருக்கட்டும்."

"நீங்க படிச்ச படிப்பு என்னன்னு எனக்குப் புரியல மேடம்," என்றபடி அவர் பில் புத்தகத்தை எடுத்தார்.

கடை வாசலில், செடிகளுக்கு ஊற்றிய தண்ணீர் வழிந்து மண் ஈரமாகியிருந்தது. மகள் அப்பாவின் கையைப் பிடித்து அதன்மேல் நடக்கச் சொன்னாள்.

"புது ஷூ பாப்பா. சேறாயிடும்."

"ஆகட்டும்பா. நடங்க."

அவர் நாலு அடி வைத்தார். அவள் குனிந்து, ஈர மண்ணில் அம்பு முனைகளோடு பதிந்திருந்த தடத்தைப் படம் எடுத்தாள். அண்ணனுக்கும், மலையடிவாரக் காவலருக்கும், பால்காரருக்கும் அதை அனுப்பி, கீழே தட்டினாள்:

"நாளையிலேருந்து அப்பா காலடி இப்படி இருக்கும், வேற யாருதும் இப்படி இருக்காது. போன வாரம் மாதிரி வீட்டுக்கு வழி மறந்துட்டாருன்னா இதைப் பிடிச்சுக்கிட்டே போய்க் கூட்டிட்டு வாங்க. அவர் ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சுன்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க."