காலை விசாரிப்பு

ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஹோட்டலை மேலாளர் தூக்கி நிறுத்தியது ஒரே யோசனையால்தான். தங்குபவர் ஒவ்வொருவரையும் காலையில் அவரே போனில் அழைத்து நலம் விசாரிப்பார். விளம்பரத்திலும் அதைப் போட்டார். அறைகள் நிரம்பின.

"போன வாரம் ஊர்லேருந்து உங்களுக்கு மூணு போன் வந்துச்சு சார்," என்று வரவேற்புப் பெண் நினைவூட்டினாள்.

"அப்புறம் பேசிக்கிறேம்மா. தலைக்கு மேல வேலை."

முந்நூற்று நான்காம் அறையின் எண்ணை அழுத்தினார். குரலில் தேன் ஒழுகியது.

"வணக்கம், மேலாளர் பேசறேன். ராத்திரி நல்லா தூங்கினீங்களா?"

"தூங்கினேன்பா."

"குறை ஏதாவது இருந்தா தயங்காம சொல்லுங்க."

"ஒரு குறையும் இல்ல. நீ சாப்பிட்டியா?"

மேலாளர் கூனிக் குறுகிப்போனார். "அப்பா... நீங்க எதுக்கு இங்க ரூம் போட்டீங்க?"

"ரூம் போட்டா தினமும் நீயே கூப்பிட்டுப் பேசுவேன்னு விளம்பரத்துல இருந்துச்சே. சரிப்பா, அடுத்த ரூமுக்குப் பேசணும்ல. வச்சிடவா?"