உத்திரம் பார்க்க வந்த சுவர்கள்

கூரைக்கு உத்திரம் பார்க்க இரண்டு சுவர்கள் மரவாடிக்கு வந்தன. அங்கே காற்றிலேயே நன்றாகக் காய்ந்த வேங்கை மரத்துக்கு உடம்பெல்லாம் மேல்வெடிப்பு. இந்தக் கோடைக்குள் யாரும் எடுக்காவிட்டால் விறகுதான்.

“முகமே சரியில்லையே!” என்ற பெரிய சுவர், நேற்று வெட்டிய பச்சை மரத்தின் வழவழப்பில் மயங்கியது.

“அது காயலை அண்ணாச்சி, முறுக்கிக்கும்” என்றது வேங்கை.

“வாய் வேற!” என்றது சின்னச் சுவர்.

பச்சை மரமே கூரை ஏறியது. சித்திரை வெயிலில் அது முறுக்கிக்கொண்டது, ஓடுகள் சரிந்தன. சுவர்கள் மறுபடி வேங்கையிடம் ஓடிவந்தன.

“வெடிப்பு பரவாயில்லைம்மா, நாங்க அனுசரிச்சுக்கிறோம்.”

விறகுப் பயத்தையும் மீறி வேங்கைக்குச் சிரிப்பு வந்தது. “சந்தோஷம். கொஞ்சம் திரும்பி நில்லுங்க, நேரா இருக்கீங்களான்னு தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன்.”

சின்னச் சுவர் அவசரமாக மூச்சை இழுத்துத் தொந்தியை உள்ளே அடக்கிக்கொண்டது.