ஒருமனதாக

நான்கு கைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. பாட்டுக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்போ முடிவாயிடுச்சு. ஊரைக் காலி பண்றோம்" என்றான் டிரம்மர், குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு.

போகப்போவது நாட்டின் அந்தக் கோடிக்கு. ரயிலில் இரண்டு நாள். அங்கே தெருவுக்கு ஒரு மேடை, மேடைக்கு ஒரு குழு. பாட்டுக் கேட்பதற்கென்றே ஜனங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பி வருவார்களாம். இங்கேயோ ஓட்டலில் சாப்பிடுகிறவர்களின் பேச்சுச் சத்தத்துக்குப் பின்னால் வாசிக்க வேண்டும். அதற்கும் மேனேஜர் வந்து, கொஞ்சம் மெதுவாக என்று கையைக் காட்டுவார்.

நால்வரில் மூத்தவர் கீபோர்டு வாசிப்பவர். நாற்பத்தாறு வயது. மற்ற மூவருக்கும் அவர் வாய்க்கு வாய் 'அண்ணே'தான். பதினோரு வருஷத்தில் குழுவுக்குள் ஒரு சண்டை கிடையாது, ஒரு முகச்சுளிப்பு கிடையாது. ஒருவர் மனம் நோக இன்னொருவர் பேசுவதில்லை என்பது அங்கே எழுதாத சட்டம். இப்படி ஒரு குழு உலகத்திலேயே இல்லை என்று குடிநீர் வாரிய அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரரின் உயிரை எடுப்பார் அண்ணன்.

அந்த வாரிய வேலைதான் இப்போது இடித்தது. நிரந்தர வேலை. இன்னும் மூன்று வருஷத்தை ஓட்டிவிட்டால் ஆயுசுக்கும் ஓய்வூதியம். விட்டால் விட்டதுதான், திரும்ப உள்ளே சேர்க்க மாட்டார்கள்.

"நிதானமா யோசிச்சுக்கங்கண்ணே. எங்களுக்கென்ன, தனிக்கட்டைங்க. நீங்க குடும்பஸ்தர்" என்றான் கிடார்காரன்.

"கையைத் தூக்கிட்டேன்ல? அப்புறம் என்னடா யோசனை? வாசிங்கடா!"

வாசித்தார்கள். அண்ணனின் விரல்கள் ஓடியபோது டிரம்மரும் கூடவே ஓடினான். அவர் தயங்கிய இடத்தில் தானும் தயங்கினான். பாட்டுக்காரி தன் வரியை வாய்க்குள்ளேயே வைத்திருந்து, அண்ணன் வந்து சேர்ந்ததும் எடுத்தாள். அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"நான் எங்க போனாலும் மூணு பேரும் பின்னாலயே வந்துடுவாங்க" என்றார் வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம்.

அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "உங்க பாட்டு விவகாரமெல்லாம் எனக்குத் தெரியாது. இந்த வயசுல வேலையை விடணுமாங்கறதுதான் என் கேள்வி."

"இப்ப விடலன்னா எப்ப விடுறது? ரிட்டயர் ஆகி, பல்லு போனப்புறமா?"

"பல்லுல யாரு கீபோர்டு வாசிக்கிறா?" என்றவள் சிரிக்கவில்லை. மடித்த சட்டையை உதறி மறுபடியும் மடித்தாள். "அவங்க மூணு பேரும் உங்களை நட்டாத்துல விட்டுட மாட்டாங்களே?"

"அவங்களா? ஒரு சுடுசொல் சொன்னதில்லடி இதுவரைக்கும்!"

அது அவளுக்கும் தெரியும். போன வருஷம் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூவரும் மாறி மாறி வந்து காவல் இருந்தவர்கள். அதனால்தான் சரி என்றாள்.

ராஜினாமாக் கடிதத்தை அதிகாரி இரண்டு முறை திருப்பித் தள்ளினார். அண்ணன் மூன்றாம் முறையும் அவர் பக்கம் தள்ளினார். அலுவலகமே அவரை ஒரு மாதிரி பார்த்தது, அவர் யாரையும் பார்க்கவில்லை.

"யாராவது ஒருத்தர் முன்னால போய் வீடு பார்க்கணும்ணே. நாலு பேரு தங்கணும், ரிகர்சலுக்கும் ஒரு ரூம் வேணும்" என்றாள் பாட்டுக்காரி. "உங்க பொறுப்பு எங்கள்ல யாருக்கு வரும், சொல்லுங்க?"

அண்ணன் அப்படியே உருகிவிட்டார்.

டிக்கெட்டை மூவரும் சேர்ந்து எடுத்தார்கள். அண்ணனுக்கு முழங்கால் வலி என்று ஞாபகமாகக் கீழ்ப் படுக்கை, அதுவும் ஜன்னலோரம். மனைவிக்கு வேலைக்கு நேரமாகிவிட்டதால் வாசலிலேயே விடைகொடுத்தாள். ரயிலடியில் டிரம்மர் கீபோர்டுப் பெட்டியைத் தோளில் சுமந்து வந்து சீட்டுக்கு அடியில் பதமாகத் தள்ளினான். கிடார்காரன் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தான். பாட்டுக்காரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள்.

"ஏய், அழாத பிள்ள. பதினஞ்சு நாள்ல நீங்களும் வந்துடப் போறீங்க, அதுக்குப் போயி..."

"உடம்பைப் பார்த்துக்கங்கண்ணே" என்றாள் அவள்.

ரயில் நகர்ந்தது. அண்ணன் கழுத்தை வளைத்து, தெரிகிறவரைக்கும் கையை ஆட்டிக்கொண்டே போனார். கடைசிப் பெட்டி வளைவில் திரும்பியதும் கிடார்காரன் போனை எடுத்தான்.

"நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு ரிகர்சலுக்கு வந்துடு. ஆமா, இனிமே நீதான் கீபோர்டு... சேச்சே, நாங்க எங்கப்பா போறோம்? இங்கதான் இருப்போம்."

டிரம்மர் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தான். "பாவம்டா. தாளத்துல நிக்க மாட்டேங்குறீங்க, விலகிக்கங்கண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரு வேலையாவது மிஞ்சியிருக்கும்."

பாட்டுக்காரி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். அவ்வளவு நேரமும் அவள் அழுதது நிஜமான அழுகைதான்.

"சொன்னா அண்ணன் மனசு நோகாதா?"