குரலுக்குப் பரிசு

2009இல் ஆர்ச்வே மண்டபத்தில் நடந்த கலைப் போட்டியில் நான் வைத்த கலைப்படைப்பு ஒரு ஒலிபெருக்கி மட்டும்தான். "இவன் ஓவியம் மக்கள் விரோதம், துரத்துங்கள்!" என்று பல்கேரிய மொழியில் ஒருவன் அதில் கத்துவான்.

"இஞ்சாருங்கோ, அந்தாள் வாறார். அவசரப்பட்டு வாயைத் திறக்காதேங்கோ," என்றாள் மனைவி செல்வமலர்.

வந்தவர் பெத்கோவ். கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சி போனபின் பல்கேரியாவில் புதுக்கலைக்கு நிதி ஒதுக்கும் பெரிய மனிதர்; இந்தப் போட்டிக்கு நடுவர். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நிருபர்கள் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கால மூடர்கள் எல்லோரும் இப்படித்தான் கத்துவார்கள். கத்துகிற இவனைச் சிறையில் போட்டிருக்க வேண்டும்! முதல் பரிசு இதற்குத்தான். நடித்தது யார்?"

"நடிப்பில்லை ஐயா. கட்சிக் காலத்தில் உங்கள் நாட்டில் படித்தேன்; ஓவியக் கல்லூரியிலிருந்து என்னைத் துரத்திய கூட்டத்தில் பதிந்தது. கத்தியது நீங்கள்."

பெத்கோவின் சிரிப்பு நின்றது. செல்வமலர் ஒலியைக் கூட்டினாள்.

"இன்னொருக்காக் கேளுங்கோ, ஐயா!"