அடைபட்ட புகைக்கூண்டு

“ஏலே அய்யாக்குட்டி, நீ புகைக்கூண்டு அடிச்ச லட்சணம் இதுதானாலே?”

பால்வண்ணநாதன் போட்ட சத்தத்தில், அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட ஒரு நிமிஷம் வாயை மூடினார்கள்.

நடுவீட்டில் அவன் மனைவி தங்கபுஷ்பத்தைக் கிடத்தியிருந்தது. தலைப்பிரசவத்துக்கு மேலகரத்தில் அம்மா வீட்டுக்கு வந்தவள். பிள்ளைக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.

குற்றாலத்தில் சீசன். சாரல் விட்டபாடில்லை. வீடு முழுக்க ஈரம். பிள்ளைத் துணி ஒன்றுகூடக் காயவில்லை. ‘பிள்ளை பெத்தவளுக்கு ஈரம் ஆகாது’ என்று, சமையலைப் பின்பக்கத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட்டு, நேற்று மகளை அடுக்களையில் படுக்க வைத்தாள் தாயார் வடிவம்மாள். பக்கத்தில் கரிநெருப்புச் சட்டி. அதன்மேல் கூடையைக் கவிழ்த்து, கூடைமேல் பிள்ளைத் துணி. குளிர்காற்று படக்கூடாதென்று கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியாகிவிட்டது.

ராத்திரி அழுது மகள் தூக்கத்தைக் கெடுக்கும் என்று பேரனைத் தன்னோடு தூக்கிப்போய்விட்டாள். அதனால் அது பிழைத்தது.

காலையில் கதவைத் திறந்தால் மகளிடம் அசைவில்லை.

தென்காசியிலிருந்து வந்த டாக்டர் பார்த்துவிட்டு, “கரிப்புகைதான். வெளியே போக வழியில்லாம உள்ளேயே நின்னிருக்கு. புகைக்கூண்டு இருக்கே, அது என்ன ஆச்சு?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதுவரை மாமியாரைத்தான் உண்டு இல்லை என்று ஆக்கிக்கொண்டிருந்தான் பால்வண்ணநாதன். “பொண்டாட்டிய அனுப்புனேன், பொணமாத் தாரியளே!” என்று. டாக்டர் கேட்ட கேள்வியில் கோபம் அய்யாக்குட்டி பக்கம் திரும்பியது.

ஓடு மாற்றவும், கூண்டில் படிந்த கரியை அடித்து இறக்கவும் அந்த வட்டாரத்துக்கே அவன்தான். மகளைப் படுக்க வைக்குமுன் நேற்று அவனைக் கூப்பிட்டுத்தான் கூண்டைச் சுத்தம் பண்ணினார்கள். ஆள் அனுப்பி, கையோடு இழுத்து வந்தாயிற்று.

“நல்லாத்தான் அடிச்சேன் மொதலாளி. உள்ள நின்னு பாத்தா வானம் தெரிஞ்சுது.”

“இப்ப ஏறிப் பாருலே!”

ஏணி வைத்து ஏறினான். பாசி பிடித்த ஓடு வழுக்கியது. கூண்டுக்குள் கையைவிட்டுத் துழாவினான். எதையோ இழுத்தான். இறங்கும்போது அவன் கையில் கரியும் தண்ணீருமாகச் சுருண்ட ஒரு துணி.

“என்னலே அது?”

அய்யாக்குட்டி ஒருதரம் கிணற்றுப் பக்கம் பார்த்தான்.

“என் கந்தல்தான் மொதலாளி. கூண்டத் தொடைக்க விட்டேன். எடுக்க மறந்துட்டேன்.”

விழுந்தது அறை. ஏணியோடு சேர்ந்து விழுந்தான்.

“மறந்துட்டியா? ஒரு உசுரு போயிட்டேலே, பாவி!”

இன்னும் இரண்டுபேர் சேர்ந்துகொண்டார்கள். அவன் கையைக்கூடத் தூக்கவில்லை.

“குடிச்சிட்டு ஏறியிருப்பான்” என்றார் பக்கத்து வீட்டுச் செல்லப்பா. அய்யாக்குட்டி குடித்து அவரும் பார்த்ததில்லை, யாரும் பார்த்ததில்லை. “இனிமே இந்த ஊர்ல எவன் வீட்டு ஓட்டு மேலயும் இவன் காலு படக்கூடாது.”

எல்லோரும் ஆமாம் போட்டார்கள். செத்த வீட்டில் கோபத்துக்கு ஒரு ஆள் கிடைப்பது எவ்வளவு சௌகரியம்!

வடிவம்மாள் மட்டும் அவனை ஒரு வார்த்தை ஏசவில்லை.

“பெத்த வயிறு எரியும்போதும் என்ன பொறுமை பாரேன்” என்று பெண்கள் உருகினார்கள்.

பால்வண்ணநாதனுக்கும் மனசு கேட்கவில்லை. அவள் காலடியில் உட்கார்ந்து, “உங்களப் போயி ஏசிட்டேனே அத்தை” என்று குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் அவன் தலையில் கை வைத்தாள்.

அய்யாக்குட்டி வீடு வந்து சேருமுன்பே சேதி வந்து சேர்ந்துவிட்டது.

கிழிந்த உதட்டோடு வந்தவனைப் பார்த்து மனைவி பேச்சித்தாய் தலையில் அடித்துக்கொண்டாள்.

“பச்ச உடம்புக்காரியக் கொன்னுட்டு வந்திருக்கியளே! இனி யாரு உங்களக் கூப்பிடுவா? நம்ம வீட்டுல எப்படி ஒல கொதிக்கும்?”

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

தண்ணீர் கொண்டுவந்து ரத்தத்தைத் துடைத்தவள், பாதியில் கையை நிறுத்தினாள்.

“ஏங்க, தேங்காக் கதம்ப நாரக் கம்புல கட்டித்தான கூண்டு அடிப்பிய? நான்தான கட்டிக் குடுக்கேன். கந்தல் ஏது உங்ககிட்ட?”

“கந்தல் இல்லட்டி. அந்தம்மாவோட பழைய சேல.”

“என்னது?”

“கூண்டு வழியாச் சாரல் இறங்கி மக மேல விழுந்துரும்னு பயந்திருக்கா. நான் அடிச்சிட்டு வந்த பொறவு, கீழ நின்னு கம்பால குத்தி அடைச்சிருக்கா.”

“அத அங்கனயே சொல்ல வேண்டியதுதான? ஊரே உங்க மூஞ்சில காறித் துப்புதே!”

அய்யாக்குட்டி அவள் கையை விலக்கினான்.

“சேலையோட நான் இறங்குதேன். அந்தம்மா அதப் பாத்தா. கைப்பிள்ளையப் பக்கத்துல இருந்தவ மடியில வச்சிட்டு, விறுவிறுன்னு கெணத்தப் பாக்க நடந்தா. என் கந்தல்னு நான் சொன்ன பொறவுதான் நின்னா. இல்லன்னா இன்னைக்கு அந்த வீட்டுல ரெண்டு பாடைல்லா கட்டணும்.”