வாயால் ஒரு வார்த்தை

"வாயால ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மாப்பிள்ளை?"

கூட்ட அறையில் மேஜையின் தலைப்பக்கம் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்த பெரியவர் மறுபடியும் அதையே கேட்டார். குரல் உயரவில்லை. தலைமுறைகளாக மருந்து மொத்த வியாபாரம் செய்யும் குடும்பம் அது. குரலை உயர்த்துவது அங்கே தோல்வியை ஒப்புக்கொள்வதற்குச் சமம்.

தோல்வி ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. பழைய கணினி முறையை நிறுத்திவிட்டுப் புதியதற்கு மாறிய அன்றே கிடங்கு திணறியது. அலமாரியில் இருக்கும் மருந்தை இல்லை என்றது புதியது. காலாவதியானதை அனுப்பு என்றது. லாரிகள் வாசலில் நின்றன. மருத்துவமனைகள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு கம்பெனிகளைத் தேடிப் போயின. அடித்துப் பிடித்துப் பழைய முறைக்கே திரும்பியபோது, பெரியவரின் தகப்பனார் காலத்து வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இல்லை.

இந்த மாற்றத்துக்குத் திட்டப் பொறுப்பாளர், பெரியவரின் மகளைக் கட்டியவர். வெளியே நல்ல வேலையில் இருந்தவரை, நம் வீட்டு வேலையை நம் வீட்டு ஆளே பார்க்கட்டும் என்று அழைத்து வந்ததே பெரியவர்தான்.

யாராவது ஒருவர் வெளியே போனால்தான் வாடிக்கையாளர்களிடம் முகம் காட்ட முடியும் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான் பெரியவரின் மகன்.

"மச்சான் கம்ப்யூட்டரை நம்பினாரு. கம்ப்யூட்டர்தான் மச்சானை நம்பல."

கிடங்கு மேலாளர் சிரித்துவிட்டார். பெரியவரின் முகத்தைப் பார்த்ததும் அதை இருமலாக்கிக்கொண்டார்.

மாப்பிள்ளை, தான் வாராவாரம் கொடுத்த அறிக்கைகளை மேஜைமேல் பரப்பினார். அறிக்கை ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது, அதில் கதை எழுதக் கூடாது என்பது பெரியவர் போட்ட விதி. அதற்காக மாப்பிள்ளை ஒரு வழி கண்டிருந்தார். ஒவ்வொரு வேலைக்கு நேராகவும் ஒரு வட்டம். ஒழுங்காகப் போனால் பச்சை, ஆபத்தென்றால் சிவப்பு. முதல் கூட்டத்தில் அதைக் காட்டியபோது, பார்த்ததும் புரிகிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள். பெரியவரும் தலையசைத்தார்.

அந்தக் கம்பெனியில் எழுதாத விதி இன்னொன்றும் உண்டு. ஐயாவின் கையெழுத்து விழுந்த விஷயத்தை யாரும் திரும்பக் கிளறக் கூடாது.

"கடைசி அறிக்கையில எல்லாமே சிவப்புதான் மாமா," என்றார் மாப்பிள்ளை. "ஆளுங்களுக்குப் பயிற்சி முடியல. பழைய சரக்கு விவரம் சரியா ஏறல. நீங்க கண்ணாடியப் போட்டு, பக்கம் முழுக்கப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டீங்க. கம்பெனி ஆரம்பிச்ச அதே தேதியில இதையும் ஆரம்பிக்கணும்னு, எல்லாம் தெரிஞ்சே முடிவு பண்றீங்கன்னு நெனச்சேன். அதுக்கு மேல நான் எப்படிப் பேசறது?"

மகன் ஒரு தாளை இழுத்துப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். கேலி நின்றுபோனது.

பெரியவர் தாள்களைத் தொடவில்லை.

"வாயால சொன்னீங்களா, இல்லையா?"

"இல்ல மாமா."

"அப்புறம் என்ன."

மாப்பிள்ளை தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு எழுந்தார். அன்றே வேலையை விட்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு எங்கும் வேலை அமையவில்லை. மாமனார் கம்பெனியையே கவிழ்த்தவர் என்ற பேச்சு அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. ஊரைவிட்டே போவது என்று முடிவானதும், மகள் மட்டும் அந்தத் தாள்களோடு அப்பாவைப் பார்க்க வந்தாள். காப்பி வேண்டாம் என்றாள். உட்காரவும் இல்லை. 'சிவப்பைப் பார்த்துவிட்டுத்தான் நடக்கட்டும் என்றேன்' என்று அப்பா நாலு பேரிடம் சொன்னால் போதும், தன் புருஷன் தலைநிமிர்ந்து நடப்பார் என்றாள்.

"நான் பொய் சொல்ல மாட்டேம்மா."

"அப்ப அவர் சொல்றது பொய்யா?"

"அப்படியும் சொல்லல."

"ரெண்டுல ஒண்ணுதானேப்பா இருக்க முடியும்? அவர் சொல்றது நெசம்னா, நீங்க தெரிஞ்சேதான் அவரைப் பள்ளத்துல தள்ளியிருக்கீங்க."

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏதோ சொல்லப்போவதுபோல உதடு அசைந்தது. அவள் காத்திருந்தாள்.

"அப்படியே வெச்சுக்கோ," என்றார்.

அவள் அழவில்லை. அவர் பெற்ற பெண் அல்லவா. கட்டிக்கொடுத்த பிறகு பெண் வேற்று வீடு என்று ஊரார் சொன்னபோதெல்லாம் தான் நம்பியதில்லை என்றும், இன்றைக்கு நம்புவதாகவும் சொன்னாள். தாள்களை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

கார் போன சத்தம் அடங்கியதும் பெரியவர் தாள்களை மடியில் விரித்து, ஒவ்வொரு வட்டமாக விரலால் தொட்டுக்கொண்டு வந்தார். பச்சையும் சிவப்பும் பிறவியிலிருந்தே அவர் கண்ணுக்கு ஒரே நிறம். பெண் கொடுத்து எடுப்பதில் குடும்பத்துக்குக் குறையாகிவிடும் என்று பெற்றவள் மறைக்கச் சொன்ன அதை, கட்டிய மனைவிகூட அறிந்ததில்லை.