பால் ஏன் பொங்குகிறது

ஞாயிறுதோறும் என் கணவர் அறைக்குள் அமர்ந்து யூடியூப் நேரலையில் குழந்தைகளுக்கு அறிவியல் சொல்லித் தருவார். என்னிடம் அவர் பேசிப் பல மாதங்களாகின்றன. இன்று அடுக்களையில் நின்றபடி, ‘பிரணவ், ஆறாம் வகுப்பு’ என்ற பெயரில், பால் ஏன் பொங்குகிறது என்று கைப்பேசியில் கேட்டேன்.

“நல்ல கேள்வி, கண்ணு. மேல ஆடை மூடிக்குது. உள்ள இருக்கிற ஆவிக்கு வெளிய வர வழியில்ல. அதான் எல்லாத்தையும் தூக்கிட்டு வந்துடுது.”

கண்ணு என்றதும் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன்.

சற்று நேரத்தில் தண்ணீர் எடுக்க அவர் வெளியே வந்தார்.

“அப்ப தண்ணி மட்டும் ஏங்க பொங்கறதில்ல?” என்றேன்.

பாட்டிலை நிரப்பிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கைப்பேசியில் அவர் முகம் மறுபடி மலர்ந்தது.

“வேற யாருக்கு என்ன சந்தேகம்? கூச்சப்படாம கேளுங்க.”